‘எனது ஊர்’ என்று தலைப்புக் கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டி நடத்தும் குழுவினருக்கும், என்னைப் போல் நடுவராக வந்து உட்காருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற ஆண்டு ஒரு கட்டுரைப் போட்டிக்கு நடுவர்களில் ஒருத்தியாக இருந்தேன். எந்தப் பள்ளி, எந்த மண்டபம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். தலைப்பு ‘எனது ஊர்’. எட்டிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகள். பின்னறையில் ஒரு தட்டு ரோல்ஸும் தேத்தண்ணியும் வைத்து, தாள்க் கட்டைத் தந்தார்கள்.

‘எனது ஊர் யாழ்ப்பாணத்தில் உள்ள ஓர் அழகிய கிராமம். அங்கே வானுயர்ந்த பனைமரங்கள் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு கிணறு உண்டு.’ நாலாவது தாளில் சந்தேகம் வந்தது. பத்தாவது தாளில் கிணறும் அதே, தண்ணீர் அள்ள அதில் பூட்டிய துலாவும் அதே. துலாவைக் கண்ணால் காணாத பிள்ளைகள். ஒரு பிள்ளை அதைத் ‘துலாம்’ என்று எழுதிவிட, கிணற்றடியில் தராசு வந்து நின்றது. வீட்டில் சொல்லிக் கொடுத்ததைப் பாடமாக்கி வந்து ஒப்புவித்திருந்தார்கள். பிழை சொல்ல முடியாது, எழுத்து வடிவாகத்தான் இருந்தது.

நடுவில் ஒரு தாள் மட்டும் வேறு. ஒன்பது வயதுச் சிறுமி. ‘எனது ஊர் ஷெஃபீல்ட். எனது ஊரில் ஏழு மழைகள் உண்டு. எங்கள் வீட்டுக்கு முன்னால் டிராம் வரும். மேலே ஏறும்போது அது முனகும்.’

மலையைத்தான் மழை என்று எழுதியிருந்தாள். ஷெஃபீல்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், அது அவ்வளவு பெரிய பிழையும் அல்ல. பக்கத்திலிருந்த நடுவர் ‘மழைகள்’ என்பதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். பிறகு தாளின் தலையில் எழுதினார்: ‘தலைப்புக்குப் பொருந்தவில்லை. சொந்த ஊரைப் பற்றி எழுதவும்.’ அதன் கீழே மூன்று பேர் கையெழுத்து வைக்க வேண்டும். மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

நான் ஷெஃபீல்டில் வளர்ந்தவள். ஆறு வயதிலிருந்து. அப்படியிருந்தும் வைத்தேன். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று வீட்டுக்குக் கார் ஓட்டி வரும்போது யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் வந்து இறங்கியது 1976 ஜூலையில். இங்கிலாந்து தண்ணீருக்குத் தவித்த கோடை அது. புல்லெல்லாம் வைக்கோலாய்க் கிடந்தது. குளிருக்கென்று கொழும்பில் வாங்கிய கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா காரில் வியர்த்து வழிந்தார். அப்பா இரண்டு வருடம் முந்தியே வந்து, பல்கலைக்கழகத்தில் உலோகவியல் படித்து முடித்து, உருக்கு ஆலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். எம்1 நெடுஞ்சாலை டின்ஸ்லி பாலத்தில் ஏறும் இடத்தில், பாலத்தை உரசுமாப்போல இரண்டு பெரிய கோபுரங்கள். ஒரு மின்நிலையத்தின் குளிர்விக்கும் கோபுரங்கள் அவை. நடுவில் இடுப்புச் சிறுத்து, மேலும் கீழும் அகன்று நின்றன.

“இதென்ன, உரல் மாதிரி” என்றார் அம்மா.

அன்றிரவு பிட்ஸ்மூரில் வாடகைக்கு எடுத்த வீட்டில் படுத்தோம். டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து ஓர் ஒலி. டம். கொஞ்சம் இடைவெளி. டம். அலுமாரியில் கோப்பைகள் மெல்லக் கிணுகிணுத்தன. அம்மா எழுந்து உட்கார்ந்து, “ஆர் இந்த நேரத்தில மா இடிக்கினம்?” என்று கேட்டார். பழுக்கக் காய்ச்சிய உருக்கை அடிக்கும் சம்மட்டி இயந்திரங்கள் என்று அப்பா விளக்கினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆலைச் சத்தத்துக்குப் பெயர் மா இடிக்கிற சத்தம், கோபுரங்களுக்குப் பெயர் உரல். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராத காலமும் வந்தது.

உங்களைப் போன்றவர்கள் நடத்தும் பள்ளி எதுவும் அப்போது எங்களுக்கு எட்டவில்லை. எனக்குத் தமிழ் எழுதப் பழக்கியது நீல ஏரோகிராம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடானதும் அம்மா அம்மம்மாவுக்குக் கடிதம் எழுதுவார். ஓரத்தில் மூன்று விரல் அகலம் எனக்கு. “நீ கண்டதை எழுது” என்பார். பனைமரத்தைப் பற்றி அம்மம்மாவுக்கு எழுத முடியாது, அது அவருடைய வளவில் நிற்கிறது. கிணற்றைப் பற்றியும் முடியாது. அவர் காணாததைத்தான் எழுத வேண்டும். அதாவது ஷெஃபீல்டை. ஆறு வயதுத் தமிழை வைத்துக்கொண்டு ஓர் உருக்கு நகரத்தைச் சொல்லிவிட வேண்டும். சொல் போதாது. அம்மாவிடம் கேட்பேன், இருக்கிற சொல்லை இழுத்துப் பார்ப்பேன். என்னிடம் இன்றிருக்கிற தமிழ் அந்த மூன்று விரல் அகலத்தில் முளைத்ததுதான்.

முதல் பெரிய சிக்கல் ‘தெருவிலிருக்கும் ஓட்டை’. நகரத்தின் நடுவே கேஸில் ஸ்குவேரில் 1967இல் கட்டிய நிலத்தடிச் சந்தி அது. மேலே சுற்றிச் சுற்றி பஸ்கள். கீழே வட்டமாக ஒரு முற்றம், அதற்குக் கூரை இல்லை. பெரிய கடைகளின் கீழ்த்தளத்துக்கு அங்கிருந்தே வாசல். ஷெஃபீல்ட்காரர் யாரும் அதை அதன் பெயரால் சொல்லி நான் கேட்டதில்லை, ஓட்டை என்றுதான் சொல்வார்கள். அங்கே சுவருக்குள் பதித்த மீன் தொட்டி ஒன்று இருந்தது. கண்ணாடி கீறல் விழுந்திருக்கும், தண்ணீர் கலங்கியிருக்கும், மண்ணிற மீன்கள் அசைய மனமில்லாமல் நிற்கும். அவ்வளவுதான் அதன் அழகு. ஆனால் நகரமே அதன் முன்னால்தான் ஒருவரையொருவர் சந்தித்தது. ‘மீனடியில் நில்’ என்றால் போதும்.

அம்மம்மாவுக்கு எழுதினேன்: ‘இங்கே தெருவில் ஒரு கிடங்கு இருக்கிறது. கிடங்குக்குள் கடை. கடைக்குப் பக்கத்தில் சுவருக்குள் மீன்.’ பதில் மூன்று கிழமை கழித்து வந்தது: ‘மீனைக் கொண்டுபோய் ஏன் கிடங்குக்குள் விட்டவை? அங்கே கடல் இல்லையோ?’

கேள்வி நியாயமானது. அம்மாவுக்கும் மீன்தான் பிரச்சினை. ஓட்டையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் கேஸில் மார்க்கெட். பழைய ஷெஃபீல்ட் கோட்டை நின்ற இடத்தில், அதன் எஞ்சிய கற்களுக்கு மேலேயே கட்டிய சந்தை. ஸ்கொட்லாந்து அரசி மேரி ஏறத்தாழ பதினான்கு வருடம் கைதியாக இருந்தது பெரும்பாலும் இந்தக் கோட்டையில்தான். அம்மாவுக்கு அரசியைப் பற்றிக் கவலையில்லை. மீன்காரர் தலையை வெட்டித் தொட்டிக்குள் எறிவதைப் பார்த்து அவருக்கு நெஞ்சு பதறியது. ஒருநாள் துணிந்து, தலையைத் தரச் சொல்லிக் கை காட்டினார். “பூனைக்கா, லவ்?” என்று கேட்டார் மீன்காரர். அம்மா தலையாட்டினார். “எத்தனை பூனை?” அம்மா எங்களை எண்ணிப் பார்த்து, நாலு விரலைக் காட்டினார். அதன்பின் சனிக்கிழமை தவறாமல் நாலு பூனைக்கும் தலை இலவசம். சில வருடம் கழித்து அம்மா உண்மையைச் சொன்னபோது அவர், தனக்கு இரண்டாம் கிழமையே தெரியும், வெந்தயம் மணக்கிற பூனைக்காரி யாராவது இருக்கிறாளா என்றாராம்.

‘லவ்’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ் சாரதி, தபால்காரர், மீன்காரர் எல்லாரும் எல்லாரையும் ‘லவ்’ என்பார்கள். ஆம்பிளை ஆம்பிளையையும். முதல் மாதம் அப்பா கொஞ்சம் தடுமாறித்தான் போனார். நம்முடைய ‘ராசா’, ‘குஞ்சு’ மாதிரி என்று விளங்கப் பிறகு நாளாயிற்று. அந்த ஊர்ப் பேச்சில் எனக்குப் புதையல்கள் கிடைத்தன. இரண்டு வீட்டுக்கு நடுவே பின்வளவுக்குப் போகும் குறுகிய பாதைக்கு அவர்கள் சொல் ‘ஜெனல்’. லண்டன்காரருக்கு அது விளங்காது. எனக்கு உடனே விளங்கியது, அது ஒழுங்கை. கிடுகு வேலிக்குப் பதிலாகக் கரி படிந்த செங்கல் சுவர், அவ்வளவுதான் வித்தியாசம். பள்ளிக்கூடத்தில் ஒரு பெட்டை கடதாசிப் பையை நீட்டி “ஸ்பைஸ் வேணுமா?” என்றாள். மிளகாய்த்தூளை ஏன் விளையாட்டு நேரத்தில் தின்கிறார்கள் என்று பயந்துபோனேன். அந்த ஊரில் இனிப்புக்குப் பெயர் ஸ்பைஸ்.

எல்லாவற்றிலும் பெரிய புதையல் ‘தா’. பழைய ஷெஃபீல்ட்காரர் நெருக்கமானவர்களை ‘யூ’ என்று சொல்வதில்லை, ‘தா’, ‘தீ’ என்பார்கள். நாக்குத் தடித்து அது ‘டீ’, ‘டா’ என்று ஒலிக்கும். அதைக் கேட்டுப் பக்கத்து ஊர்க்காரர் அவர்களுக்கு ‘டீ-டா’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கிலீசில் நீயும் நீங்களும் ஒன்றுதான் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். இல்லை. எங்கள் தெருவில் ‘நீ’ உயிரோடு இருந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் வருத்தக்காரர் என்பதால் வாசலில் கதிரை போட்டு இருப்பார். ஒருநாள் என்னைப் பார்த்து ‘தா’ என்றார். அதுவரை ‘யூ’. அன்றைக்கு எனக்கு ஊர்க்காரியாகிவிட்ட மாதிரி இருந்தது. இதை ஒரு தமிழ்ப் பிள்ளையை விட வேகமாக யார் பிடித்துக்கொள்வார்கள்?

அவருடைய மனுசி இளமையில் கரண்டி, முள்ளுக்கரண்டிக்கு மெருகு போட்டவர். ‘பஃபர்’ பெண்கள் என்பார்கள். தலையில் துணி, இடுப்பிலும் காலிலும் கடதாசி சுற்றிக் கட்டி, பின்னேரம் முகமெல்லாம் கறுத்து வீடு திரும்பிய பெண்கள். நாங்கள் போன காலத்தில் அவர் ஓய்வு பெற்றிருந்தார். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நல்ல கோப்பை எல்லாம் கழுவக் கிடந்ததால், யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரில் அம்மா தேத்தண்ணி கொடுத்தார். மனுசி குடிக்கவில்லை. தேத்தண்ணியை அப்படியே பீங்கானில் ஊற்றிவிட்டு, டம்ளரை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பெருவிரலால் விளிம்பைச் சுற்றித் தடவினார். கவிழ்த்தார்.

“உள்ளே நல்ல வேலை, லவ். அடியை அவசரத்தில் விட்டிருக்கிறாள்” என்றார்.

விட்டிருக்கிறாள். எங்கோ ஒரு பட்டறையில் அதற்கு மெருகு போட்டது பெண்தான் என்று அவருக்கு நிச்சயம்.

அப்பாவுக்கு அன்றைக்குத்தான் சந்தர்ப்பம் வாய்த்தது. 1913இல் இதே நகரத்தில், பிரவுன் ஃபர்த் ஆய்வுகூடத்தில், துப்பாக்கிக் குழாய் அரிபடாமல் இருக்க வழி தேடிய ஹாரி பிரியர்லி உருக்கோடு குரோமியத்தைக் கலந்து பார்த்ததையும், அது துருப்பிடிக்காமல் கிடந்ததையும், உள்ளூர்க் கத்திக்காரர்கள் அவரை ‘வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்’ என்று நக்கலடித்ததையும் சொல்லி முடித்தார். மனுசி பிரியர்லியைத் தன் சொந்தக்காரர் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அம்மம்மாவுக்கு எழுதினேன்: ‘உங்கள் குசினியில் இருக்கிற எவர்சில்வர் எல்லாம் எங்கள் ஊரில் பிறந்தது.’

எங்கள் ஊர். அம்மா அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஏரோகிராமை ஒட்டினார்.

ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ் கதையும் அதே மேசையில் நடந்ததுதான். செம்மஞ்சள் லேபிள் ஒட்டிய கறுப்புச் சோஸ் போத்தல், 1885இலிருந்து ஷெஃபீல்டில் செய்கிறார்கள். அந்தக் காலத்தில் அந்த ஊருக்கு வெளியே போனால் கிடைப்பது அரிது. உள்ளூரில் அது இல்லாத மேசையே இல்லை. மனுசி, இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ என்கிற பணியாரத்தில் ஊற்றித் தந்ததை அம்மா நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். “இதுக்குள்ள புளி இருக்கு.” அப்பா சிரித்தார். அம்மா போத்தலைத் திருப்பினார். புளிதான். வூஸ்டர் சோஸ் மாதிரி நெத்தலி மீன் கலப்பதில்லை, ஆகையால் வெள்ளிக்கிழமைச் சைவத்துக்கும் ஆகும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பருப்பில், கத்தரிக்காயில், ஒருமுறை இரசத்திலும் கூட, அது போனது. இரசம் சரிவரவில்லை.

பஸ்ஸைச் சொல்லாமல் ஷெஃபீல்ட் பிள்ளை எவரும் கதையை முடிக்கமாட்டார். எனக்குப் பதினாறு வயதாகும் வரை பஸ் காசு 2 பென்ஸ். தெற்கு யோக்ஷயர் சபை கட்டணத்தை ஏற்றமாட்டோம் என்று வரிப்பணத்தால் தாங்கிப் பிடித்தது. தாட்சர் அரசு 1986இல் அந்தச் சபையையே கலைத்தது, கட்டணம் ஒரேயடியாய்ப் பல மடங்கு ஏறியது. அரசியலில் யார் சரி என்று பெரியவர்கள் பேசட்டும். எனக்குத் தெரிந்தது, பால்கோப்பி நிறத்தில் வந்த அந்த பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கையும், 2 பென்ஸுக்குக் கிடைத்த முழு நகரமும். மலை இறங்கினால் ஆலைப் புகை, மறுமலை ஏறினால் செம்மறி மேயும் வெளி. காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் ஊர் முழுதும் தெரிந்திருந்தது. லண்டனில் வளர்ந்த என் மச்சாள்மாருக்கு அவர்களுடைய தெருவுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

எல்லாம் தேனாக இருந்தது என்று சொல்லவில்லை. தெருவின் மறுபக்கத்திலிருந்து எங்களைப் பார்த்துக் கத்தப்பட்ட சொற்கள் உண்டு. எந்தச் சந்தில் மொட்டைத்தலைப் பெடியள் நிற்பார்கள் என்று கணக்குப் பார்த்துத்தான் நடந்தோம். அதையும் அம்மம்மாவுக்கு எழுத நினைத்தேன். அம்மா அந்த வரியை மட்டும் வெட்டச் சொன்னார்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த செய்தி வந்தது. 1983 ஜூலைக்குப் பிறகு, “இன்னும் இரண்டு வருசத்தில் ஊருக்குப் போவம்” என்று அப்பா சொல்வது நின்றது. அதே ஆண்டுகளில்தான் ஷெஃபீல்டிலும் ஆலைகள் ஒவ்வொன்றாய்ப் பூட்டப்பட்டன. அப்பாவின் வேலையும் போனது. மா இடிக்கிற சத்தம் ஒருநாள் கேட்கவில்லை. எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை. இல்லாத சத்தத்தைக் கவனிக்க நாளெடுக்கும். 1985 ஏப்ரலில், நடுநிசி தாண்டி, ஷெஃபீல்டின் க்ரூசிபிள் அரங்கில் நடந்த உலக ஸ்னூக்கர் இறுதி ஆட்டத்தில் டெனிஸ் டெய்லர் கடைசிக் கறுப்புப் பந்தை விழுத்தி ஸ்டீவ் டேவிஸை வென்றபோது நாட்டில் 18.5 மில்லியன் பேர் தொலைக்காட்சி பார்த்தார்களாம். அதில் ஒருவர், மறுநாள் வேலைக்கு எழும்பத் தேவையில்லாத என் அப்பா. பக்கத்து வீட்டுக் கிழவரும் எங்கள் சோபாவில்தான் இருந்தார். அந்த அரங்கு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைலும் இல்லை. இரண்டு பேரும் அன்றைக்கு ஒருவரையொருவர் ‘தா’ என்று பேசிக்கொண்டார்கள். அப்பாவின் வாயில் அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

உங்கள் தலைப்பு எந்த நோவிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஊரை இழந்தவர்கள் பிள்ளையின் கையால் ஊரை எழுதிப் பார்க்கிறோம். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அது எங்கள் கட்டுரை. எழுத வேண்டியவர்கள் நாங்கள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, அவள் கண்டதை எழுதினால் தலைப்புக்கு வெளியே என்கிறோம். காணாததை எழுதினால் பரிசு.

அவளுடைய டிராமைப் பாருங்கள். அது போவதற்காகத்தான் 1994இல் என் ஓட்டையை மூடினார்கள். மீன் தொட்டியும் போனது. கேஸில் மார்க்கெட் 2013இல் பூட்டி, பிறகு இடிக்கப்பட்டது. ஹாட்ஃபீல்ட்ஸ் உருக்கு ஆலை நின்ற நிலத்தில் 1990இலிருந்து மெடோஹோல் கடைத்தொகுதி. உரல்கள் இரண்டையும் 2008 ஆகஸ்ட் 24ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்கு வெடி வைத்து விழுத்தினார்கள். நான் மகனை எழுப்பிக்கொண்டு போய் மேட்டில் நின்று பார்த்தேன். சுற்றி நின்ற கூட்டத்தில் வயதான ஆம்பிளைகள் அழுதார்கள். லண்டனிலிருந்து வரும்போது அந்த உரல்களைக் கண்டால்தான் வீடு வந்தது என்று அர்த்தம், ஆனையிறவில் உப்புக் காற்று முகத்தில் அடித்தால் அப்பாவுக்கு ஊர் வந்தது மாதிரி. என்னுடைய ஷெஃபீல்ட் பாதிக்கு மேல் இப்போது இல்லை. அந்தப் பிள்ளையின் ஷெஃபீல்டில் டிராம் மேடேறும்போது முனகுகிறது. அது முனகும் என்று எனக்குத் தெரியாது. அவள்தான் சொன்னாள், தமிழில்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அந்தத் தாள் இன்னும் எங்காவது பெட்டியில் இருந்தால் எடுத்துத் தாருங்கள். ‘மழைகள்’ மீது போட்ட சிவப்பு வட்டம் இருக்கட்டும், லகரமும் ழகரமும் அவள் படிக்கத்தான் வேண்டும். மேலே எழுதிய வரியை மட்டும் வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் கையெழுத்து வைக்க நான் வருகிறேன். பரிசுக் கேடயத்துக்குக் காசில்லை என்று சொல்வீர்கள். வேண்டாம். செம்மஞ்சள் லேபிள் போத்தல் ஒன்று கொண்டு வருகிறேன். புளி இருக்கிறது, மீன் இல்லை. இரசத்தில் மட்டும் ஊற்ற வேண்டாம் என்று தாயாரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
மூன்றாவது கையெழுத்துக்காரி